போட்டித் துப்பாக்கியைத் தரை அணில் வேட்டைக்கு மாற்றலாமா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தீவன வயலைத் துளைபோடும் தரை அணில்களைச் சுட, அலமாரியில் தூங்கும் .22 அன்ஷூட்ஸ் (ஜெர்மன் நிறுவனம்) போட்டித் துப்பாக்கி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆகும். சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப் பார்வையைக் கழற்றிவிட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுங்கள். மேலே அதற்கான 11 மி.மீ. பள்ளம் இருக்கும். ஐந்து கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அதனால் படுத்தோ மணல் மூட்டையில் சாய்த்தோதான் சுட வேண்டும்.

முதலில் டிரிகரைப் பாருங்கள். போட்டிக்கு நூறு கிராம் அழுத்தம் சுகம். குளிரில் விரல் மரத்திருக்கும்போது அது வம்பு. கூட்டி வையுங்கள், முடியாவிட்டால் டிரிகரையே மாற்றுங்கள்.

அப்புறம் தோட்டா. போட்டித் தோட்டாவின் உருண்டை மூக்கு ஈயம் விரியாது, காய்ந்த தரையில் பட்டுத் தெறிக்கும். பட்டதும் விரியும் குழிமூக்குத் தோட்டாவே மேல். ஆனால் சிசிஐ ஸ்டிங்கர் என்ற தோட்டா வேண்டவே வேண்டாம்: அதன் கூடு வழக்கத்தைவிட நீளம், போட்டித் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இறுக்கமான அறையில் போடக்கூடாது. கலிஃபோர்னியாவில் என்றால் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

50 மீட்டரில் குறி சரிசெய்தால், சாதாரண வேகத் தோட்டா 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அணிலோ ஒரு சாண் உயரம்தான்!