பங்காளிங்க 18 பேர், வீடு ஒண்ணு

கேள்வி: வணக்கம் அக்கா. காரைக்குடி பக்கத்துல எங்க அப்பச்சியோட ஐயா கட்டுன செட்டிநாட்டு வீடு இருக்கு. முகப்பு, வளவு (தூண் சுத்தி நிக்கிற நடு முத்தம்), ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு இந்த தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல போய் முடியும். இப்ப 18 பங்கு, பாதி பேர் வெளிநாட்டுல, வருஷத்துக்கு ஒருக்கா முன்னோர கும்பிடுற படைப்புக்கு கூடுறதோட சரி. போன மழையில ரெண்டாங்கட்டு ஓடு சரிஞ்சிருச்சு. ஒரு வியாபாரி வந்து தூணு, நிலை, கதவு எல்லாத்துக்கும் மொத்தமா விலை பேசிட்டு போயிருக்கார், சில பங்காளிங்க சரின்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?

பதில்: தம்பி, முதல்ல அந்த வியாபாரிய நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். கூட்டுச்சொத்துல இருக்க தூண மத்த பங்காளிங்க சம்மதம் இல்லாம கழட்டி விக்க முடியாது, ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுங்க, அதுக்கும் கேக்கலன்னா கோர்ட்டுல தடை வாங்கலாம். வளவுல நிக்கிற தூணு அழகுக்கு மட்டும் வச்சது இல்ல, மேல இருக்க ஓட்டுக்கூரையோட பாரம் அது மேலதான் இறங்குது. அத உருவிட்டா வீடே உட்கார்ந்துரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு கடைகள்ல கஜலட்சுமி செதுக்குன நிலை எல்லாம் சுவத்துல சாஞ்சு நிக்கும், எந்த ஊரு எந்த வீட்டு வாசல்னு சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க, அத பாத்துட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

அந்த தூணு, நிலைக்கெல்லாம் போட்ட தேக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தது. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவ புடிச்சதும் அங்க கொடுக்கல் வாங்கல் வச்சிருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டை செட்டியார்) குடும்பங்கள் நிறைய பேர் எல்லாத்தயும் விட்டுட்டு வந்தாங்க, அதோட அந்த அளவுல வீடு கட்டுற காலமும் முடிஞ்சுபோச்சு. அதனால போனது போனதுதான், திரும்ப கட்ட முடியாது.

இப்ப நிஜமான பிரச்சினைக்கு வருவோம். நம்ம பக்கம் வீடு விழுறது பெரும்பாலும் காசு இல்லாம இல்ல, 18 பேர்ல யாரு ஓடு மாத்துறதுன்னு தெரியாமதான். எங்க வீட்டுலயும் அப்படித்தான், ஒரு கொத்துக்கூலி யாரு குடுக்குறதுன்னு மூணு வருஷம் பேசிக்கிட்டே இருந்தோம், நாலாவது வருஷம் ஒரு பக்க தாவாரமே இறங்கிருச்சு. அதனால வாட்ஸ்அப் குரூப்புல சண்டை போடாம எல்லாரும் சேந்து ஒரு குடும்ப ட்ரஸ்ட் எழுதி ரெஜிஸ்டர் பண்ணுங்க, வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஆளுக்கு ஒரு தொகை, முடிவு எடுக்க மூணு பேர், அது போதும். ஒத்து வரலன்னா 1893-ம் வருஷத்து பாகப்பிரிவினை சட்டம் இருக்கு. துண்டு போட முடியாத வீடுன்னு கோர்ட்டு நினைச்சு, பாதிக்கு குறையாத பங்கு உள்ளவங்களும் கேட்டா, வித்து காசா பிரிச்சுக்கலாம், ஆனா அப்போ நீங்க ‘நாங்களே வாங்கிக்கிறோம்’னு நின்னா கோர்ட்டு விலை மதிச்சு உங்களுக்குத்தான் குடுக்கணும். இது பலருக்கு தெரியாது.

வாங்க வசதி இல்லயா, அப்ப வீட்ட முழுசா வித்துருங்க. ஆமா, நான்தான் சொல்றேன். கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம் ஊர்கள்ல பழைய வீடுங்க ஓட்டலா மாறி நல்லாத்தான் நிக்குது, லீசுக்கு விட்டாலும் வருமானம் வரும். கை மாறுனா வீடு பொழச்சுக்கும், பிரிச்சு வித்தா செத்துரும். எது ஆனாலும் இந்த மழைக்கு முன்னாடி நாட்டு ஓட்ட பிரிச்சு மேஞ்சுருங்க, மேல முளைச்ச அரசங்கன்னு இருந்தா வேரோட எடுங்க, தண்ணி இறங்குறத நிறுத்துனா பாதி வீடு தப்பிச்ச மாதிரி.

கேள்வி: சுவத்துல பூச்சு உதிருது. கொத்தனார் எல்லாத்தயும் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிரலாம், தரைக்கு புது டைல்ஸ் போட்டுரலாங்கறார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. பழைய சுவரு சுண்ணாம்பும் செங்கல்லும், அது கீழ இருந்து ஈரத்த இழுக்கும், சுண்ணாம்புப்பூச்சு வழியா வெளிய விட்டுரும். மேல சிமெண்ட் பூசிட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உப்பு பூத்து செங்கல்லே மாவா உதிரும், பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அதே கதைதான். உதிர்ந்த எடத்த மட்டும் சுண்ணாம்பு, மணல், கடுக்காய் தண்ணி, கருப்பட்டி சேத்து பூச தெரிஞ்ச ஆள தேடுங்க, கண்ணாடி மாதிரி இருக்கே அந்த மேல்பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேரும், அதுக்கு கை பழகின ஆளா வேணும். வேலை மெதுவாத்தான் நடக்கும், அவசரப்படாதீங்க. தரை ஆத்தங்குடி கல்லா இருந்தா கவலையே இல்ல, கண்ணாடி மேல கலர் ஊத்தி வார்த்து தண்ணியில ஊற வச்சு இன்னைக்கும் அங்க செய்யறாங்க, உடைஞ்ச கல்ல மட்டும் மாதிரி காட்டி செஞ்சு வாங்கலாம்.

கேள்வி: பாரம்பரியக் கட்டடம்னு சொல்லிட்டா அரசாங்கம் எடுத்துக்குமாமே? எங்க வீடு சின்னது வேற, வெறும் திண்ணை வச்ச ஓட்டு வீடு, அதுல பாதுகாக்க என்ன இருக்கு?

பதில்: பட்டியல்ல வர்றதும் அரசு கையகப்படுத்துறதும் வேற வேற. பட்டியல்ல வந்தாலும் வீடு உங்க பேர்லயேதான் இருக்கும், இடிக்கவோ மாத்தவோ மட்டும் அனுமதி கேக்க வேண்டி வரும். செட்டிநாட்டு ஊர்கள யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல 2014-ல சேத்தாங்க, அதுல தனித்தனி மாளிகைய சொல்லல, ஊர்க்கூட்டமாத்தான் சொல்லிருக்காங்க. நேர் தெரு, வரிசை வீடு, கூரைத்தண்ணி வாய்க்கால் வழியா ஊருணிக்கு போறது எல்லாம் சேந்ததுதான் அந்த ஊரு. அதுல உங்க திண்ணையும் உண்டு. காருக்கு எடம் வேணும்னு அத இடிச்சுறாதீங்க, வாசல் வாய்க்கால் மண்ணு மூடி கெடந்தா ஐப்பசிக்கு முன்னாடி ஆள் விட்டு தோண்டி விடுங்க.