மெஸ்ஸி கையெழுத்து கார்டு: 350 வெள்ளி அனுப்புவதற்கு முன்

வணக்கம் தம்பி. மெஸ்ஸி கையெழுத்திட்ட கால்பந்து கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) 350 வெள்ளி, கூடவே விற்பவரே அச்சடித்த சான்றிதழ், வாங்கலாமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பணம் போடாதீர்கள். அவரே எழுதிக்கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

கையெழுத்தை மிகக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பல கார்டுகளில் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். அது தப்பில்லை, அதைக் கைப்படப் போட்டது என்று விற்பதுதான் மோசடி. லென்ஸில் பார்த்தால் அச்சு பெரும்பாலும் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரியும். மார்க்கர் மை அப்படி உடையாது, கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் பெரும்பாலும் கருத்திருக்கும். கார்டை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு வீடியோவும் அனுப்பச் சொல்லுங்கள். நான் இதையெல்லாம் கேட்காமல் ஒன்று வாங்கி, பட்டணத்து நகைக்கடை லென்ஸில் பார்த்த பிறகுதான் புள்ளிகளைக் கண்டேன். தோட்டத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவனுக்கு அது பணத்தைவிடப் பெரிய வலி.

கார்டுகளைச் சோதித்துத் தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனம் பிஎஸ்ஏ. அவர்கள் பெட்டியில் இருக்கும் கார்டு என்றால் லேபிளில் உள்ள சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வேறொரு கார்டின் உண்மையான எண்ணைப் போலி லேபிளில் அச்சடிக்கிறார்கள். இணையதளம் காட்டும் ஆண்டு, ஆட்டக்காரர், கார்டு எண் மூன்றும் பெட்டிக்குள் இருக்கும் கார்டோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம், நேராக வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் விட்டுவிடுங்கள். அவர் அனுப்பும் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.