செயல்மின்னழுத்தத்தின் ஏடிபி செலவு நான்கு மடங்காக வருவது ஏன்?

வணக்கம். நரம்பிழையின் மின் நடத்தையைச் சமன்பாடுகளால் விவரிக்கும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரியில் ஒரு செயல்மின்னழுத்தத்துக்கான (நரம்பின் மின்துடிப்புக்கான) ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவைக் கணக்கிட்டபோது, குறைந்தபட்ச மதிப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் தேக்குதிறன் கொண்ட சவ்வை 100 மில்லிவோல்ட் உயர்த்த, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6.2 × 10¹¹ சோடியம் அயனிகள் போதும். ஒரு ஏடிபிக்கு 3 சோடியம் அயனிகளைச் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு வெளியேற்றுவதால் செலவு சுமார் 2.1 × 10¹¹ ஏடிபி மூலக்கூறுகள்; இதுவே அந்தக் குறைந்தபட்ச மதிப்பு. ஆனால் 1952-இல் வெளியான அந்த மாதிரி, 6.3 டிகிரி செல்சியஸில் ஊசிக்கணவாயின் பெருநரம்பிழையை விவரிப்பது. அங்கே சோடியம் கால்வாய்கள் மூடுவதற்குள் பொட்டாசியம் கால்வாய்கள் திறந்துவிடுவதால், உள்ளே வரும் சோடியத்தின் மின்னூட்டத்தை வெளியேறும் பொட்டாசியம் ஈடுசெய்துவிடுகிறது. மின்னழுத்தம் உயராவிட்டாலும் அந்தச் சோடியத்தையும் பம்பு வெளியேற்றியே ஆக வேண்டும்.

பாலூட்டிகளுக்கு இந்த மடங்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 2001-இல் அட்வெல், லாஃப்லின் இருவரும் மூளையின் ஆற்றல் செலவுக்கான தங்கள் மதிப்பீட்டில் நான்கு என்றே வைத்தனர்; 2009-இல் அல்லே, ரோத், கைகர் ஆகியோர் எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியிலுள்ள மாஸி இழைகள் என்னும் நரம்பிழைகளில் அளந்தபோது 1.3 மடங்குதான் வந்தது. இது மிக முக்கியமான திருத்தம் என்று கருதுகிறேன்.

தொகையிடும்போது நிகர மின்னோட்டத்தை எடுக்காமல் சோடியம் மின்னோட்டத்தை மட்டும் எடுத்து, ஓய்வுநிலையில் கசியும் சோடியம் மின்னோட்டத்தைக் கழித்துவிடுங்கள். பின்னர் வெப்பநிலையை 18 டிகிரிக்கு உயர்த்தி ஓட்டினால், மடங்கு குறைவதை நீங்களே காணலாம்.