அலாஸ்கா கொடியில் சப்தரிஷிகள்

அன்புள்ள ஐயா,

மகளின் அட்லஸில் அமெரிக்க மாநிலக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அலாஸ்காவின் கொடியில் நம் சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும் அப்படியே இருக்கின்றன. பள்ளிச் சிறுவன் ஒருவன் வரைந்தது என்கிறார்களே, உண்மையா? நம் வானசாஸ்திரம் அங்கே போயிருக்குமோ?

- ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

சிறுவன் கதை உண்மைதான். நம் சாஸ்திரம் கப்பலேறிய கதையைத்தான் நம்ப முடியவில்லை.

1927-ல் அலாஸ்கா மாநிலமே அல்ல, ஆட்சிப்பகுதி மட்டும். ஆளுநர் ஜார்ஜ் பார்க்ஸ் வாஷிங்டன் போனபோது அங்கே 48 மாநிலங்களின் கொடிகளும் பறந்தன, தங்களுக்கென்று ஒன்றுமில்லை. அப்புறம்தான் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். பனிக்கரடி, நள்ளிரவுச் சூரியன், தங்கம் அலசும் தட்டு என்று வந்து குவிந்தன. ஜெயித்தவன் பென்னி பென்சன். தாயை இழந்து, சூவர்ட் ஊரின் அநாதை விடுதியில் வளர்ந்த ஏழாம் வகுப்புப் பையன்.

நீல நிறம் வானத்துக்கும், ஃபர்கெட்-மி-நாட் என்னும் பூவுக்கும் என்று அவனே படத்தோடு எழுதி அனுப்பினான். ஏழு விண்மீன்கள் பெருங்கரடி, அது வலிமை. வட விண்மீன், வருங்காலத்தில் வரப்போகும் அலாஸ்கா மாநிலம். எனக்கு இந்தக் கடைசி வரிதான் பிடித்தது. மாநில அந்தஸ்து வந்தது 1959-ல்தான். கொடியில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை!

பரிசு ஒரு தங்கக் கடிகாரமும் 1000 டாலரும். அந்தப் பணத்தில் பின்னாளில் டீசல் எஞ்சின் தொழில் படித்தான்.

பல அமெரிக்க மாநிலங்கள் நீலத்துணியில் அரசு முத்திரையை ஒட்டிவிட்டுப் போய்விட்டன. கம்பத்தில் ஏறிவிட்டால் எது எந்த ஊர் என்று தெரியாது. பென்னியின் கொடியில் ஓர் எழுத்துகூட இல்லை.

சரி, நம் பங்கு? அதே ஏழு விண்மீன்களை நாம் ரிஷிகள் என்றோம், பழந்தமிழில் எழுமீன் என்றோம், அவர்கள் கரடி என்றும் அகப்பை என்றும் சொன்னார்கள். வானம் பொது. ஆனால் துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 9 டிகிரியில் தென்னந்தோப்புக்குள் மறைந்துவிடும். சூவர்டில் அது 60 டிகிரியில் நிற்கும். கொடியின் மேல்மூலையில் அந்தப் பையன் அதை வைத்த இடத்தை மகளிடம் காட்டுங்கள்.