தானியங்கித் தற்காலிகக் கடவுச்சொல்லை விட்டுவிட்டு அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் புதிய கணக்குகளுக்கு மென்பொருள் தானாக உருவாக்கும் தற்காலிகக் கடவுச்சொல் பலருக்கு வேலை செய்வதில்லை என்றும், முறைப்பாடுகளைக் கேட்டு அலுத்துப்போனதால் ஒவ்வொருவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே ஆரம்பக் கடவுச்சொல்லாக வைத்துவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்களுக்கு ஒழுங்காகத் தட்டச்சுச் செய்யத் தெரியாததுதான் காரணம் என்று உங்கள் அலுவலகத்திலும் யாராவது சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தின் உதவி மேசையில் வேலை பார்த்த காலத்தில், புதிய மாணவர்கள் சேரும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பேச்சு என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்த மென்பொருள் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் ஆகியவற்றைக் கலந்து எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பும். ஐந்து முறை தவறாக இட்டால் கணக்குப் பூட்டப்படும். கொட்டாஞ்சேனையிலிருந்து மாலை நேரக் கணக்கியல் வகுப்புக்கு வந்த ஓர் அக்கா, அந்த மின்னஞ்சலை வீட்டுக்கு அருகிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கணக்கு ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது எழுத்து வெறும் நேர்கோடு. அது பெரிய ஐ ஆகவும் இருக்கலாம், சிறிய எல் ஆகவும் இருக்கலாம், எண் ஒன்றாகவும் இருக்கலாம். ஆறாவது ஒரு வட்டம். அது பெரிய ஓ என்றும் சொல்லலாம், பூச்சியம் என்றும் சொல்லலாம். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு வாசிப்புகள் வருகின்றன. மென்பொருள் அனுமதிப்பதோ ஐந்து முயற்சிகள். எந்தப் பிழையும் விடாமல், பொறுமையாக, ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிற ஒருவரைக்கூட அந்த மென்பொருள் வெளியே நிறுத்தக்கூடும். அந்த அக்கா தம் தாளின் ஓரத்தில் தாம் முயன்ற ஐந்தையும் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டிருந்தார். அவரைப் பார்த்துத் தட்டச்சுத் தெரியாதவர் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இதை மேலிடத்தில் எடுத்துச் சொன்னபோது, மென்பொருளை விற்றவர்கள் ஒரு திருத்தம் செய்து கொடுத்தார்கள். அது பழையதைவிட மோசமானது. கணக்கு உருவாகும் நேரத்தை விநாடிக் கணக்கில் எடுத்து, அதை எம்டி5 என்ற சார்பில் (எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள குறிச்சரமாக மாற்றித் தரும், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் கணிப்பு முறை) இட்டு, கிடைப்பதில் முதல் எட்டு எழுத்துகளைக் கடவுச்சொல்லாக வைத்தார்கள். பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும் அதில் தற்செயல் என்பதே கிடையாது. ஒரு நாளில் 86,400 விநாடிகள்தான் இருக்கின்றன; ஆகவே எந்த நாளில் கணக்கு உருவானது என்று தெரிந்தவருக்கு, முறையும் தெரிந்துவிட்டால், சோதித்துப் பார்க்க வேண்டியவை அதிகபட்சம் 86,400 மட்டுமே. எங்களுக்கு இது எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு பெயர்ப் பட்டியலை மொத்தமாகப் பதிவேற்றியபோது ஒரே விநாடியில் உருவான கணக்குகள் அனைத்துக்கும் ஒரே கடவுச்சொல் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு தம்பிமார் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நேரே உதவி மேசைக்கு வந்தார்கள்.

அந்தத் திருத்தத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பதிவாளர் பிரிவினர் பட்டியலை எக்செல்லில் திறந்து, துண்டுகளாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். எம்டி5 தருவது பத்து எண்களும் ஏ முதல் எஃப் வரையான ஆறு எழுத்துகளும் மட்டுமே என்பதால், எண்களுக்கு நடுவில் ஒரே ஓர் ஈ எழுத்து வரும் கடவுச்சொற்கள் அவ்வப்போது அமைந்துவிடும். 482913ஈ5 என்பதை எக்செல் விஞ்ஞானக் குறியீட்டில் (ஈ என்பது பத்தின் அடுக்கைக் குறிக்கும்) எழுதிய ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு 4.83ஈ+10 என்று காட்டும். எல்லாம் எண்களாக அமைந்து, முதலில் பூச்சியமும் வந்துவிட்டால் அந்தப் பூச்சியம் காணாமற்போகும். துண்டைப் பெற்றவர் அதிலுள்ளதை அப்படியே தட்டச்சுச் செய்வார், கணக்குத் திறக்காது, பழி மறுபடியும் அவர் தலையில்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் நிறுவனத்திலும் அடையாள அட்டை யோசனை வந்தது. நான் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வகுப்பின் வருகைத் தாளை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். பெயருக்கு நேரே அடையாள அட்டை இலக்கம், அதற்கு நேரே கையொப்பம். நாற்பது பேர் கைமாறி வருகின்ற தாள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிகிறதே தவிர, அமைப்பு அதேதான். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் அதன் பெரும்பகுதி தெரியும். வங்கியிலும், தொலைபேசி இணைப்பு எடுக்கும் இடத்திலும், பல கட்டடங்களின் வாசலில் காவலரிடத்திலும் நாம் கொடுத்துவிட்டு வருகிற இலக்கத்தை எப்படி இரகசியம் என்று சொல்வது? கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். அடையாள அட்டை இலக்கத்தை மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடு நிறைவேற்றிய பிறகும் இந்த யோசனை அலுவலகங்களில் எழுகிறது என்பதே எனக்கு வருத்தம்.

முதல் உள்நுழைவிலேயே மாற்றச் சொல்லிவிடுவோமே என்று நீங்கள் கேட்கலாம். முதலில் உள்நுழைபவர் கணக்குக்கு உரியவர்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம் இருக்கிறது? வேறொருவர் முந்திக்கொண்டால், மாற்றும் வாய்ப்பும் அவருக்கே போகும்.

கடைசியில் நாங்கள் செய்வித்ததைச் சொல்கிறேன். எல்லாம் சிறிய எழுத்து. அவற்றிலும் ஐ, எல், ஓ ஆகியவற்றைக் குழப்பத்துக்காகவும் ஈ எழுத்தை எக்செல்லுக்காகவும் நீக்கினோம். பூச்சியத்தையும் ஒன்றையும் எடுத்துவிட்டோம். மீதி 22 எழுத்துகளும் 8 எண்களுமாக 30 குறிகள். நீளத்தை எட்டிலிருந்து பத்தாக்கி, ஐந்து ஐந்தாகப் பிரித்துக் காட்டினோம். இடையில் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும், கைத்தொலைபேசி முதலெழுத்தைப் பெரிதாக்கினாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். இது பாதுகாப்பைக் குறைக்கும் என்று இங்கே சிலர் எழுதக்கூடும் என்பதால் கணக்கையும் தருகிறேன்: 62 குறிகளில் எட்டு எழுத்து என்றால் ஏறத்தாழ 218 இலட்சம் கோடி சாத்தியங்கள், 30 குறிகளில் பத்து எழுத்து என்றால் ஏறத்தாழ 590 இலட்சம் கோடி. வாசிக்க இலகுவானதுதான் இங்கே வலுவானதும். ஆனால் இயக்க முறைமை தருகிற, குறியாக்கத்துக்குத் தகுந்த, அதாவது எவராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாத தற்செயல் எண்களிலிருந்து அது உருவாக வேண்டும். நேரத்தையோ சாதாரண ரேண்டம் சார்பையோ நம்பினால் மேற்சொன்ன கணக்கு செல்லாது.

ஐந்து முயற்சி என்ற எல்லையையும் தளர்த்தச் சொன்னேன். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டி, தொடர்ச்சியான தவறான முயற்சிகளுக்கு உச்ச எல்லையாக 100ஐத்தான் வைத்தது; முறையான தற்செயலில் உருவான கடவுச்சொல்லுக்கு ஆறு எழுத்தே போதும் என்றது. பத்து எழுத்து வைத்திருக்கும்போது ஐந்தாவது முயற்சியிலேயே ஒருவரைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை.

காலாவதி விடயத்தை அவசியம் பாருங்கள். எங்களுடையது 24 மணித்தியாலம் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பிய மின்னஞ்சல், திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறையும் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை திறக்கும்போது செத்துப்போயிருக்கும். ஏழு நாளாக்கினோம். உருவான நேரம் கிரீன்விச் நேரத்திலும் ஒப்பிடும் நேரம் இலங்கை நேரத்திலும் இருந்தால், ஐந்தரை மணித்தியாலம் சத்தமில்லாமல் குறைந்துவிடும். அதையும் சோதித்துப் பாருங்கள்.

கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்புவது பிழை, ஒருமுறை மட்டும் பயன்படும் இணைப்பை அனுப்ப வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எல்லோருக்கும் சொந்த மின்னஞ்சல் உள்ள அலுவலகத்தில் அதுவே நல்லது. ஆனால் சில அலுவலகங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள் இணைப்பைத் தானே முதலில் திறந்து பார்த்துவிடும். அழுத்தியவுடன் காலாவதியாகும்படி வைத்திருந்தால் உரியவருக்கு வெறும் பிழைச்செய்திதான் கிடைக்கும். புதிய கடவுச்சொல்லைப் பதிந்து முடித்த பிறகே இணைப்பு செல்லாததாக வேண்டும். எங்கள் மாணவர்களில் பலருக்கு மின்னஞ்சல் முகவரியைப் பிள்ளையோ கடைக்காரரோ உருவாக்கிக் கொடுத்திருந்ததால், நேரில் அடையாளம் பார்த்துத் துண்டு கொடுக்கும் வழியையும் வைத்திருந்தோம்.

பழைய முறையில் கடவுச்சொல்லைக் கொண்டுபோன மின்னஞ்சலில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில், மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு மிக அவசியமான ஒரே வரி அவர்களுக்குப் புரியாத மொழியில் போய்க்கொண்டிருந்தது. தமிழ் வரியை நான் எழுதினேன். சிங்கள வரியைப் பதிவாளர் பிரிவிலிருந்த ஒரு நண்பர் எழுதினார். அதற்கு எந்தச் செலவும் ஆகவில்லை.

நீங்கள் முறையை மாற்றும் நாளில், பழைய முறையில் உருவாகி இதுவரை எவரும் உள்நுழையாத கணக்குகளின் பட்டியலை முதலில் எடுங்கள். அந்தத் தற்காலிகக் கடவுச்சொற்கள் இன்னமும் உயிரோடிருக்கும். அவற்றை இரத்துச் செய்துவிட்டு, தேவைப்படுபவருக்கு மட்டும் புதிதாக வழங்குங்கள்.