மூன்று மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை, எனக்கு மருந்தே கேட்காதா?

(மனநல மருத்துவர் பதில்கள்)

கேள்வி: எனக்கு வயது 43. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். போன ஆடியிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. வெட்டி வைத்த ஜாக்கெட் துணிகள் அப்படியே கிடக்கின்றன. முதலில் பார்த்த டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 10 கொடுத்தார். வயிற்றைப் பிரட்டியதால் மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது டாக்டர் கொடுத்த செர்ட்ராலின் 50-ஐ இரண்டு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் கொஞ்சம் தேவலை, மனசு மட்டும் மாறவில்லை. இப்போது இன்னொருவர் எழுதிய அமிட்ரிப்டிலின் 10. ஒரு மாதம் ஆகிறது, வாய் வறட்சிதான் மிச்சம். எனக்கு மருந்தே கேட்காதா? சில நாள், இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணம் மனச்சோர்வு என்ற இந்த நோயின் ஒரு அறிகுறி. அதை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்து, வேளைக்கு வேளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எண்ணம் வலுத்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் நேரே போகலாம்.

இப்போது மருந்துக்கு வருவோம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று மருந்தில் ஒன்றைக்கூட நீங்கள் இன்னும் முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை.

எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரை தொடங்கியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றுப் பிரட்டல் வருவது சகஜம். பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிடும். 5 மி.கி.யில் ஆரம்பித்து, சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் இன்னும் தாங்கலாம். மனசு தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம். பலன் தலைகாட்ட வேண்டிய நேரத்தில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். பிரட்டல் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் தாக்குப்பிடித்திருப்பீர்கள்.

செர்ட்ராலினை இரண்டு மாதம் சாப்பிட்டீர்கள், காலக்கணக்கு சரி. ஆனால் 50 என்பது தொடக்க அளவு, 200 வரை ஏற்றலாம். அதோடு தூக்கம் தேறியதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது பெரிய விஷயம். அந்த மருந்து உங்களிடம் வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம், அளவு போதாமல் நின்றிருக்கலாம். நான் உங்கள் டாக்டராக இருந்தால் முதலில் இதைத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

அமிட்ரிப்டிலின் 10 மி.கி. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் அளவு. மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். அதற்காக நீங்களாக ஏற்றிவிடாதீர்கள். இதயத்தைப் பார்த்து, படிப்படியாக ஏற்ற வேண்டிய மாத்திரை அது.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியான காலம் சாப்பிட்டும் தேறாவிட்டால்தான் மருந்துக்கு மசியாத மனச்சோர்வு என்று நாங்கள் சொல்வோம். நீங்கள் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

முதல் மருந்திலேயே சரியாகிவிடும் என்று யாரிடமும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடந்த ஸ்டார்-டி என்ற ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. முதல் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் முழுதாக விலகியது. மற்றவர்களில் பலர் அடுத்த மருந்திலோ, கூட இன்னொன்று சேர்த்தோ தேறினார்கள். யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அதனால் பசியும் தூக்கமும் போனவருக்கு மிர்டாசபைன், ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வென்லாஃபாக்சின் என்றால் கவனம், அண்ணனுக்கோ அம்மாவுக்கோ கேட்ட மருந்து இருந்தால் அது, என்று ஆளைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறோம்.

மருந்தை மாற்றும் முன் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்த்தாயிற்றா? உங்கள் வயதில் மாதவிடாயில் அதிகம் ரத்தம் போய், சோகையும் சோர்வும் சேர்ந்துகொள்வதுண்டு. தைராய்டு குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது. இன்னொன்று: எப்போதாவது சில நாள் தூக்கமே இல்லாமலும் களைப்பு தெரியாமல், ஓயாத பேச்சும் தாராளச் செலவுமாக இருந்ததுண்டா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ நோயாக இருக்கலாம், சிகிச்சையே வேறு.

அடுத்து ஒரு சின்ன வேலை. என் ஓபிக்கு வருகிறவர்கள் பலர் மஞ்சப்பையை மேசையில் கவிழ்ப்பார்கள். சீட்டில் எழுத்து மங்கியிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஐந்து மாத்திரை கேட்டு அட்டையை வெட்டி வாங்கியதால், பெயரில் பாதிதான் இருக்கும். ‘மூன்று மருந்து பார்த்துவிட்டேன் டாக்டர்’ என்று ஒருவர் நீட்டிய அட்டைகளில் இரண்டு, கம்பெனிப் பெயர் வேறாக இருந்த ஒரே மருந்து. அதனால், ஒரு நோட்டில் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., தொடங்கிய தேதி, ஏற்றிய தேதி, நிறுத்திய தேதி, ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். தினமும் போட்டீர்களா, இடையில் விட்டீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு டாக்டர் பத்து நிமிடத்தில் முடிவெடுக்கலாம்.

அப்புறம், ஒரே டாக்டரிடம் நில்லுங்கள். டாக்டரை மாற்றும்போதெல்லாம் மருந்து மாறி, கணக்கு மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறது. செலவு கவலை என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். கூடவே தினம் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் மட்டும் போடுங்கள், மனசு வரும்வரை காத்திருக்காமல். இதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இத்தனையும் செய்து கேட்காவிட்டால், லித்தியம் போன்ற மருந்துகளைக் கூடச் சேர்க்கலாம். மின் அதிர்வு சிகிச்சையும் உண்டு. சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை அது. மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கடுமையான மனச்சோர்வில் நன்றாகக் கேட்கும்.

கேள்வி: வென்லாஃபாக்சின் இரண்டு மாதம் சாப்பிட்டு நன்றாகிவிட்டேன். நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிற உணர்வு. அடிமையாகிவிட்டேனா?
– 28 வயது வாசகர், மதுரை

பதில்: இல்லை தம்பி. திடீரென்று நிறுத்தினால் இந்த மருந்தில் இப்படி ஆகும். அடிமையானவருக்கு இன்னும் வேண்டும் என்ற ஏக்கம் இருக்கும், அளவு கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு அது எதுவும் இல்லை. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். நிறுத்தும் காலம் வரும்போது அவரே வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்துத் தருவார்.