அண்டார்டிகாவில் சுற்றுலாவின் சூழல் பாதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கப்பல் கிளம்பும் முன்பே கணக்கு தொடங்கிவிடும். 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகாவின் சூழலைக் காக்கும் சர்வதேச உடன்பாடான மாட்ரிட் நெறிமுறைப்படி, பயணம் நடத்துபவர் முன்கூட்டியே மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். பாதிப்பு 'சிறியது அல்லது தற்காலிகமானது' என்ற வரம்புக்குள் அடங்குமா என்பதுதான் அதில் கேள்வி. அதைத் தாண்டும் என்றால் விரிவான மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் வரைவை உடன்பாட்டில் உள்ள மற்ற நாடுகளும் படித்துக் கருத்துச் சொல்லலாம்.

சரி, எதையெல்லாம் பார்ப்பார்கள்? எரிபொருள் கசிவு, புகைக்கரி, பெங்குவின்களுக்கு ஏற்படும் தொந்தரவு, அப்புறம் வெளியிலிருந்து ஒட்டிவரும் விதைகள். கரையிறங்கும் முன் ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய விதையை வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். காலணியைக் கிருமிநாசினியில் முக்குவார்கள். வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் 'போவா அன்னுவா' என்ற சாதாரணப் புல் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றியது மனிதர்கள் வழியாகத்தான்.

ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் இறக்கக் கூடாது என்றும் விதிகள் உண்டு.

என் பார்வையில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாக எடைபோட்டால் எல்லாமே 'சிறியது'தான். 2022-23 பருவத்தில் போனவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பாலோர் அண்டார்டிக் தீபகற்பப் பகுதியின் அதே சில இடங்களுக்குத்தான் போனார்கள்.